கத்தி மிச்சப்படுத்திய நேரம்

மீன் ஆய்வதற்கென்றே மின்சாரத்தால் இயங்கும் கத்தியொன்று உண்டு. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஏரிகள் மலிந்த மினசோட்டா, விஸ்கான்சின், மிச்சிகன் ஆகிய மாநிலங்களில், தூண்டில் போடும் குடும்பங்களுக்கு அது வீட்டுப் பொருள்களுள் ஒன்று. அதை வாங்க எண்ணுவோர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் சில: அலகு எத்தனை அங்குலம் இருக்க வேண்டும்? சுவரில் செருகும் கம்பி உடையது நல்லதா, மின்கலத்தில் ஓடுவது நல்லதா? ஒரு கூடை மீனை எவ்வளவு நேரத்தில் முடிக்கலாம்? இவை நியாயமான கேள்விகள். இவற்றுக்கு உரிய விடைகளைக் கட்டுரையின் இறுதியில் காண்போம்.

ஆனால், இக்கத்தி திடீரென்று ஒருநாள் கடைக்கு வந்து சேர்ந்த பொருளன்று. அதற்குப் பின்னால் ஏறத்தாழ அறுநூறு ஆண்டு வரலாறு இருக்கிறது. அந்த வரலாறு நெடுகிலும் மீன்கத்தி விரைவாகிக்கொண்டே வந்துள்ளது. விரைவு கூடும்போதெல்லாம் நேரம் மிச்சமாகிறது. அப்படி மிச்சமான நேரம் யாருக்குப் போய்ச் சேர்ந்தது? கத்தியைப் பிடித்த கைக்கா, கத்திக்கு விலை கொடுத்த கைக்கா? இந்த ஒரு கேள்வியை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு வரலாற்றின் வழியே சிறிது நடந்து பார்ப்போம்.

முள்ளும் அலகும்

நம் வீடுகளில் மீன் நறுக்கும் முறை வேறு. மேலைநாட்டார் முறை வேறு. நாம் அரிவாள்மனையின் முன் அமர்ந்து, அசையாத அலகை நோக்கி மீனைக் கொண்டுபோகிறோம். நடுமுள்ளோடு சேர்த்துக் குறுக்காகத் துண்டு போடுகிறோம். முள் குழம்புக்குச் சுவையூட்டும். அதைப் பிரித்தெடுக்கும் பொறுப்பு உண்பவருடையது. மேலைநாட்டார் மீனைப் பலகையில் கிடத்தி, கத்தியை மீனிடம் கொண்டுபோகிறார்கள். நடுமுள்ளின் நெடுகிலும் அலகைச் செலுத்தி, இருபுறத்துச் சதையையும் இரண்டு தகடுகளாக உரித்தெடுக்கிறார்கள். அத்தகட்டுக்கு ‘ஃபில்லெட்’ என்று பெயர். முள் நீக்கும் வேலை முழுவதும் தட்டுக்கு வருமுன்னரே முடிந்துவிடுகிறது.

இந்த வேலைக்குரிய கத்தி தனித்தன்மை உடையது. அலகு மெல்லியதாகவும் நீண்டதாகவும் வளைந்து கொடுப்பதாகவும் இருக்க வேண்டும். நடுமுள்ளின் மேல் அலகு உராய்ந்து செல்லும்போது, எங்கே முள், எங்கே சதை என்பதைக் கண்ணைவிடக் கைதான் முதலில் அறிகிறது. விலாமுள்ளின் மீது அலகு ஏறி இறங்கும் சிறு அதிர்வு கைப்பிடி வழியாக விரலுக்கு வந்து சேரும். அந்த அதிர்வைக் கேட்டு நடப்பதே கைத்திறன். இதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது; இனி நாம் காணப்போகும் ஒவ்வொரு கத்தியையும் இந்தக் கைத்திறனுக்கு அது என்ன செய்தது என்பதைக் கொண்டே அளக்கலாம்.

பியர்ஃப்லீட் ஊரின் சிறுகத்தி

நெதர்லாந்தின் தென்மேற்குக் கரையில் பியர்ஃப்லீட் என்றொரு சிற்றூர் உண்டு. 14-ஆம் நூற்றாண்டில் அவ்வூரில் வாழ்ந்த வில்லெம் பியூகல்ஸோன் என்ற மீனவர், ஹெர்ரிங் மீனைப் பதப்படுத்தும் முறையொன்றைக் கண்டார் என்பது டச்சுக்காரர் போற்றிவரும் மரபு. ஹெர்ரிங் நம் கடற்கரைச் சாளையைப் போன்ற சிறு மீன், கொழுப்பு மிகுந்தது, பிடித்த சில மணி நேரத்திலேயே கெடத் தொடங்குவது. பியூகல்ஸோன் முறைப்படி, ஒரு சிறு கத்தியால் மீனின் தொண்டையருகே ஒரே கீறல் கீறிச் செவுளையும் குடலின் ஒரு பகுதியையும் வெளியே எடுத்துவிடுவார்கள். ஈரலையும் கணையத்தையும் உள்ளேயே விட்டுவிடுவார்கள். உப்பில் அடுக்கிய பிறகு கணையத்தின் சுரப்புகள் மெல்ல வேலை செய்து சதையைப் பக்குவப்படுத்தும். மீன் மாதக்கணக்கில் கெடாது.

அவருக்கு முன்பே பால்டிக் கடற்கரைகளில் இம்முறை வழக்கில் இருந்தது என்று கருதும் வரலாற்றாசிரியரும் உண்டு. யார் கண்டிருந்தாலும், விளைவு பெரிது. பிடித்த மீனைக் கப்பலிலேயே கீறி உப்பிட்டுப் பீப்பாயில் அடைத்துவிடலாம். அன்றன்றே கரைக்குத் திரும்ப வேண்டிய அவசியம் இல்லை. வாரக்கணக்கில் நடுக்கடலில் தங்கிப் பிடிக்கும் பெருங்கப்பல்களை டச்சுக்காரர் கட்டினார்கள். ஆம்ஸ்டர்டாம் நகரமே ஹெர்ரிங் முள்ளின் மேல் எழுந்தது என்பது அவர்கள் நாட்டுப் பழமொழி.

இதில் திருச்சபைக்கும் ஒரு பங்கு உண்டு. இடைக்கால ஐரோப்பாவில் தபசுகாலம், வெள்ளிக்கிழமைகள், திருவிழாக்களின் முன்னாள் ஒருசந்திகள் என்று புலால் விலக்கும் சுத்தபோசன நாள்கள் ஆண்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இருந்தன. கடலுக்கு நெடுந்தொலைவில் வாழ்ந்த உழவர்க்கும் கைவினைஞர்க்கும் அந்நாள்களில் கிடைத்த மீன், பெரும்பாலும் பீப்பாயில் வந்த இந்த உப்பு ஹெர்ரிங்கே. 1556-ஆம் ஆண்டு பேரரசர் ஐந்தாம் சார்லஸ் பியர்ஃப்லீட் ஊரிலுள்ள பியூகல்ஸோன் கல்லறைக்குச் சென்று அவருக்கு மரியாதை செலுத்தினார் என்று சொல்லப்படுகிறது. பேரரசர் ஒருவர் ஒரு மீனவரின் கல்லறை முன் நிற்பது வரலாற்றில் அடிக்கடி காணக்கூடிய காட்சியன்று. அந்தச் சிறுகத்தி மிச்சப்படுத்திய நேரத்தில் அரசுக்கும் கப்பல் முதலாளிக்கும் பெரும்பங்கு சேர்ந்தது உண்மை. ஆயினும், அக்கத்தியைப் பிடித்த மனிதனுக்கு ஒரு பெயர் இருந்தது. அப்பெயரை ஊர் மறக்கவில்லை. இனி வரப்போகும் கைகளுக்கு இந்தப் பேறு வாய்க்கவில்லை.

துணி சுற்றிய விரல்கள்

19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஹெர்ரிங் வணிகத்தில் ஸ்காட்லாந்து முன்னணியில் நின்றது. அங்கே கத்தி பெண்கள் கைக்கு வந்தது. கோடைத் தொடக்கத்தில் வடக்கே ஷெட்லாந்துத் தீவுகளில் தொடங்கி, மீன் கூட்டம் தெற்கே நகர நகர, இலையுதிர் காலத்தில் இங்கிலாந்தின் கிரேட் யார்மத், லோஸ்டாஃப்ட் துறைமுகங்கள் வரை ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் தொடர்வண்டியேறிப் பயணம் செய்தார்கள். கேலிக் மொழி பேசும் மேற்குத் தீவுகளிலிருந்து வந்தவர்களும் அவர்களுள் பலர். பாரா, தென் யூயிஸ்ட் போன்ற கத்தோலிக்கத் தீவுகளின் பெண்களும் இருந்தார்கள்.

மூவர் ஒரு குழு. இருவர் மீனைக் கீறுவார்கள். உயரமானவள் ஒருத்தி பீப்பாயில் அடுக்குவாள். கையிலிருந்த கத்தி விரலளவே நீளமுள்ளது. தேர்ந்த பெண் ஒருத்தி நிமிடத்துக்கு நாற்பது, ஐம்பது, அறுபது மீன்கள் வரை கீறுவாள். கீறும்போதே மீனின் அளவைக் கண்ணால் கணித்து, அளவு வாரியாகப் பின்னாலுள்ள தொட்டிகளில் எறிந்துகொண்டே இருப்பாள். கத்தியின் வெட்டும், காயத்தில் ஏறும் உப்பின் எரிச்சலும் தாங்காமல் ஒவ்வொரு விரலிலும் துணிப்பட்டை சுற்றி நூலால் கட்டிக்கொள்வார்கள். வேலையில்லாத வேளைகளில் அதே விரல்கள் கம்பளிச் சட்டை பின்னிக்கொண்டிருக்கும்.

அவர்களுடைய கூலி பீப்பாய்க் கணக்கு. நிரப்பிய பீப்பாய்க்கு இவ்வளவு என்று மூவரும் பகிர்ந்துகொள்வார்கள். விரைவாகக் கீறினால் கூடுதல் கூலி என்ற அளவில், மிச்சமான நேரத்தின் ஒரு சிறு பங்கு அவர்களுக்குக் கிடைத்தது. அந்தப் பங்கு போதாது என்று தோன்றியபோது அவர்கள் வாய்மூடி இருக்கவில்லை. 1936-ஆம் ஆண்டு கிரேட் யார்மத்தில் பீப்பாய்க் கூலியை உயர்த்தக் கோரி அப்பெண்கள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். கரையில் மீன் குவிந்து கிடக்க, கீறும் கை இல்லையென்றால் முதலாளியின் செல்வம் ஒரே இரவில் நாறிப்போகும். திறமை கையில் இருக்கும்வரை பேரம் பேசும் வலிமையும் அந்தக் கையில் இருந்தது. இந்த உண்மையை அட்லாண்டிக்குக்கு அப்பால், பசிபிக் கரையிலிருந்த ஆலை முதலாளிகள் அதற்கு முன்பே உணர்ந்திருந்தார்கள்.

இரும்புக்கு இட்ட பெயர்

வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் கொலம்பியா ஆறு பசிபிக் கடலில் கலக்கிறது. முட்டையிடுவதற்காகக் கடலிலிருந்து ஆற்றை எதிர்த்து ஏறிவரும் சால்மன் மீன்கள் ஒரு காலத்தில் அங்கே கோடிக்கணக்கில் வந்தன. 1866-இல் ஹியூம் சகோதரர்களும் அவர்தம் கூட்டாளி ஹாப்குட் என்பவரும் அந்த ஆற்றங்கரையில் சால்மனைத் தகரடப்பாவில் அடைக்கும் ஆலையைத் தொடங்கினார்கள். 1880-களின் தொடக்கத்தில் அவ்வாற்றின் கரைகளில் ஆலைகளின் எண்ணிக்கை நாற்பதை நெருங்கியது.

வெட்டும் வேலைக்கு ஆள் வேண்டும். 1872 முதல் சீனத் தொழிலாளர் அமர்த்தப்பட்டனர். ஆலை முதலாளி தொழிலாளியோடு நேரே பேசுவதில்லை. சீன ஒப்பந்தக்காரர் ஒருவரோடு, ஒரு பெட்டிக்கு இவ்வளவு என்று உடன்படிக்கை செய்துகொள்வார். ஒரு பெட்டி என்பது ஒரு பவுண்டு எடையுள்ள நாற்பத்தெட்டு டப்பாக்கள். ஆள் திரட்டுவதும், சோறு போடுவதும், கூலி கொடுப்பதும், அதில் பிடித்தம் செய்வதும் ஒப்பந்தக்காரர் பாடு. மலையகத் தோட்டங்களின் கதையை அறிந்த தமிழருக்கு இந்த ஏற்பாட்டை விளக்க வேண்டியதில்லை. ‘கங்காணி’ என்ற ஒரு சொல் போதும்.

அத்தொழிலாளருள் கத்தி பிடித்தவர்களே தலையாயவர்கள். பத்துக் கிலோவுக்கும் மேற்பட்ட எடையுள்ள மீனின் தலை, துடுப்பு, வால் ஆகியவற்றை வெட்டி, வயிற்றைக் கீறிக் குடலை எடுக்க அவர்களுக்குச் சில வீச்சுகளே போதும். ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மீன்களை வெட்டக்கூடியவர்கள் இருந்தார்கள். 1889-இல் அப்பக்கம் பயணம் செய்த எழுத்தாளர் ரட்யார்ட் கிப்ளிங் ஓர் ஆலைக்குள் நுழைந்து அவர்கள் வேலையைக் கண்டார். அவர்களுடைய விரைவையும் துல்லியத்தையும் வியந்த அவரது பேனா, அம்மனிதர்களை இரத்தம் தோய்ந்த பேய்களுக்கு ஒப்பிட்டு எழுதியது. திறமை கண்ணில் பட்டது. மனிதர் கண்ணில் படவில்லை.

இதற்கிடையே 1882-இல் அமெரிக்க நாடாளுமன்றம் சீனத் தொழிலாளர் நாட்டுக்குள் வருவதைத் தடைசெய்யும் சட்டத்தை இயற்றியது. 1892-இல் அது நீட்டிக்கப்பட்டது, 1943-இல்தான் நீக்கப்பட்டது. புதியவர் வர இயலாது, இருப்பவர்க்கு வயதாகிறது. கத்தி பிடிக்கத் தெரிந்த கைகள் குறையக் குறைய அவற்றின் கூலி உயர்ந்தது. சீனர் வரக்கூடாது என்று சட்டம் செய்த சமூகமே, சீனர் கிடைக்கவில்லையே என்று கவலைப்பட்டது!

1903-இல் சியாட்டில் நகரைச் சேர்ந்த எட்மண்ட் ஸ்மித் என்பவர் அக்கவலைக்கு ஒரு தீர்வைக் கண்டார். பெரியதொரு சக்கரம், அதைச் சுற்றிலும் பல கத்திகள். சக்கரத்தில் செருகப்பட்ட மீன் ஒரு சுற்று வருவதற்குள் துடுப்பும் வாலும் போய், வயிறு பிளந்து, குடல் நீங்கி, தூரிகையும் நீரும் கழுவ வெளியே வந்துவிடும். நிமிடத்துக்கு அறுபது மீன் என்ற கணக்கில் அது வேலை செய்தது. ஊட்டுவதற்கு இரண்டொருவர் போதும். கத்திக்குழு முழுவதும் தேவையற்றுப் போயிற்று.

அந்த இயந்திரத்துக்கு இட்ட பெயர்தான் வரலாற்றில் நிலைத்துவிட்டது. சீனரை இழித்துப் பேசும் தெருச்சொல் ஒன்றை எடுத்து, அதன் முன் ‘இரும்பு’ என்று சேர்த்து, அந்தப் பெயரை இயந்திரத்தின் மேலேயே பொறித்து விற்றார்கள். நம் மொழியில் நாகரிகமாகச் சொல்வதானால் ‘இரும்புச் சீனன்’. பியர்ஃப்லீட் கத்திக்காரரின் பெயரை ஊர் காத்து வைத்தது. கொலம்பியா ஆற்றங்கரையிலோ கத்திக்காரரின் பெயர் ஒன்றுகூட எஞ்சவில்லை. அவர்களுடைய இனத்தின் மீது வீசப்பட்ட வசைமொழி மட்டும் இரும்பில் எஞ்சியது. பிற்காலத்தில் ஆலைகள் அப்பெயரைக் கைவிட்டு ‘இரும்புக் கசாப்புக்காரன்’ என்று மாற்றிக்கொண்டன.

இயந்திரம் வந்ததால் மனிதக்கை முற்றிலும் நீங்கிவிட்டதா என்றால், இல்லை. சக்கரம் விட்டுவைத்த குடல் நுனியையும் இரத்தக் கட்டையும் சிறு கத்தியால் சுரண்டி எடுக்க, குளிர்ந்த நீர் ஓடும் மேசையின் இருபுறமும் வரிசையாக ஆள்கள் நிற்க வேண்டியிருந்தது. 1920-களிலிருந்து அந்த இடத்தில் பிலிப்பைன்ஸ் நாட்டு இளைஞர்கள் வந்து நின்றார்கள். பெரும்பாலோர் கத்தோலிக்கர், தம் நாடு அன்று அமெரிக்க ஆட்சியில் இருந்தமையால் தடையின்றி வர முடிந்தவர்கள். கோடைதோறும் சியாட்டிலிலிருந்து அலாஸ்காவுக்குக் கப்பலேறியவர்கள் அவர்கள். முன்பு மீனின் வேகத்தைத் தீர்மானித்தது கை. இப்போது கையின் வேகத்தைத் தீர்மானித்தது சக்கரம். பழைய ஒப்பந்தக்காரர் முறை மட்டும் அப்படியே தொடர்ந்தது. அதை எதிர்த்து 1933-இல் சியாட்டிலில் அவர்கள் தொழிற்சங்கம் கண்டார்கள்.

1974-இல் அலாஸ்கா ஆலைத் தொழிலாளர் சிலர் நீதிமன்றம் சென்றனர். மீன் மேசையில் நிற்போர் பெரும்பாலும் பிலிப்பைன்ஸ் நாட்டவரும் அலாஸ்காவின் பூர்வகுடிகளும். கூலி மிகுந்த பிற வேலைகளில் இருப்போர் பெரும்பாலும் வெள்ளையர். உறங்கும் இடமும் உணவுக்கூடமும்கூட வேறு வேறு என்பது அவர்கள் முறையீடு. ‘வார்ட்ஸ் கோவ்’ வழக்கு என்று பெயர்பெற்ற இது 1989-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தொழிலாளருக்கு எதிராக முடிந்தது. மாறுபட்ட தீர்ப்பெழுதிய நீதிபதி ஸ்டீவன்ஸ், அந்த ஆலைகளின் அமைப்பு பழைய தோட்ட முதலாளித்துவத்தை நினைவூட்டுவதாகக் குறிப்பிட்டார். அத்தீர்ப்பின் விளைவை மாற்ற 1991-இல் புதிய குடியுரிமைச் சட்டம் வந்தது. ஆனால் வழக்குத் தொடுத்த இந்த ஆலைத் தொழிலாளருக்கு மட்டும் அதன் பயன் கிட்டாதபடி அதில் ஒரு விலக்கும் சேர்க்கப்பட்டது.

1981-இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் மனித உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலில், இயந்திர நுட்பம் மனிதனுக்கு உற்ற துணை என்றும், அவனை வேலையிலிருந்து விலக்கித் தனக்கு அடிமையாக்கும்போது அதுவே பகையாகிவிடுகிறது என்றும் சுட்டிக்காட்டினார். பசிபிக் கரையின் சக்கரக் கத்தி அக்கூற்றுக்கு எழுதப்பட்ட உரை போலவே இருக்கிறது.

முள்ளில்லா மீன்

சால்மன் ஆலைச் சக்கரம் மீனைத் துப்புரவு செய்ததேயன்றிச் சதையை முள்ளிலிருந்து பிரிக்கவில்லை. அதற்கும் இயந்திரம் வந்தது. ஜெர்மனியின் லூபெக் நகரில் 1919-இல் ருடால்ஃப் பாடர் நிறுவிய தொழிலகம் மீன் உரிக்கும் இயந்திரங்களில் உலகப் புகழ் பெற்றது. அதே காலத்தில், லாப்ரடார் பனிப்பகுதியில் மீன் நொடியில் உறைவதைக் கண்டு வந்த கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ என்ற அமெரிக்கர், 1920-களின் நடுவில் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கிளாஸ்டர் துறைமுகத்தில் உறைமீன் தொழிலைத் தொடங்கினார். முள் நீக்கிய சதைத்தகடு பெட்டியில் அழகாக அடுக்குவதற்கும் விரைவாக உறைவதற்கும் ஏற்றதாக இருந்தது. தலையும் வாலும் கண்ணும் இல்லாத மீன் வீட்டுக்குள் நுழைந்தது. 1955-இல் பிரிட்டனில் ‘மீன் விரல்’ என்ற பண்டம் விற்பனைக்கு வந்தது. அது உருவான இடம் கிரேட் யார்மத். ஸ்காட்லாந்துப் பெண்கள் துணி சுற்றிய விரல்களோடு நின்ற அதே ஊர்!

நம் வெள்ளிக்கிழமை ஒழுங்கும் இதில் குறுக்கிடுகிறது. 1962-இல் சின்சினாட்டி நகரில் கத்தோலிக்கர் நிறைந்த பகுதியில் மெக்டொனால்ட்ஸ் உணவகம் நடத்திய லூ க்ரோன் என்பவர், வெள்ளிக்கிழமைகளில் விற்பனை சரிவதைக் கண்டு, ரொட்டிக்கு நடுவே முள்ளில்லா மீன்துண்டை வைத்து விற்கத் தொடங்கினார். சில ஆண்டுகளில் அது நாடெங்கும் பரவியது. 1966-இல் திருச்சபை புலால் ஒறுத்தல் விதிகளைத் தளர்த்திய பிறகும் அவ்வுணவு நிலைத்துவிட்டது. விஸ்கான்சின் மாநிலத்தில் பங்குத்தள மண்டபங்களிலும் உணவகங்களிலும் வெள்ளி மாலையில் பொரித்த மீன் விருந்து இன்றும் தொடர்கிறது. முள்ளில்லா மீனுக்கு நாக்கு பழகிவிட்ட சமூகத்தில், தூண்டிலில் மீன் பிடித்தவரும் அதை முள்ளில்லாமலே வீட்டுக்குக் கொண்டுவர விரும்பினார்.

கைக்குள் வந்த மின்சாரம்

மின்சாரக் கத்தி 1960-களின் முற்பகுதியில் அமெரிக்க வீடுகளில் பரவியது. அது முதலில் மீனுக்காக வரவில்லை. பண்டிகை நாளில் வறுத்த வான்கோழியையும் இறைச்சியையும் வீட்டுத் தலைவர் மேசையில் வைத்து வகிர்வதற்காக வந்தது. திருமணப் பரிசாகக் கொடுப்பதற்கு ஏற்ற பொருளாகவும் இருந்தது. அதன் அமைப்பு எளியது. ரம்பப் பல் உடைய இரண்டு அலகுகள் முதுகோடு முதுகாக ஒட்டி, நுனியருகே ஒரு குமிழில் கோக்கப்பட்டிருக்கும். கைப்பிடிக்குள் இருக்கும் சிறு மோட்டார் ஒன்றை முன்னும் மற்றதைப் பின்னுமாக மாறி மாறித் தள்ளும். இரண்டும் எதிரெதிரே ஓடுவதால், சதையை இழுத்துக் கிழிக்காமல் நின்ற இடத்திலேயே அறுக்கும்.

இக்கத்தியின் மற்றொரு பயனைக் கண்டுகொண்டவர்கள் தூண்டில்காரர்கள். ஏரியில் கிடைக்கும் உள்ளங்கையளவு மீன்களை ஒவ்வொன்றாகக் கைக்கத்தியால் உரிப்பது பொறுமையைச் சோதிக்கும் வேலை. மின்கத்தியால் செய்யும் முறை இது: மீனைப் பலகையில் ஒருக்களித்துக் கிடத்தி, செவுளுக்குப் பின்னால் நடுமுள் வரை அலகை இறக்க வேண்டும், நடுமுள்ளை வெட்டிவிடக்கூடாது. பிறகு அலகை வாலை நோக்கித் திருப்பி, நடுமுள்ளை ஒட்டி ஓட்டி, வாலுக்கு ஒரு விரற்கடை முன்பே நிறுத்த வேண்டும். சதைத்தகட்டைப் புத்தகத்தின் தாளைப்போல் வால்பக்கம் மல்லாத்திப் போட்டு, தோலுக்கும் சதைக்கும் இடையே அலகைச் செலுத்தினால் தோல் தனியே வந்துவிடும். கடைசியில் விலாமுள் இருக்கும் பகுதியை அறுத்தெடுத்துவிடலாம். பழகிய கைக்கு ஒரு மீனுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

இங்கே நம் கேள்வியை மீண்டும் கேட்போம். மிச்சமான நேரம் யாருடையது? மீனைப் பிடித்தவரும், கத்தியைப் பிடித்தவரும், உண்பவரும் இங்கே ஒரே குடும்பத்தார். மிச்சமான ஒரு மணி நேரத்தை அவர் தம் பிள்ளைகளோடு கழிக்கலாம். அடுத்த வீட்டாருக்கு ஒரு தட்டு மீனைக் கொண்டுபோய்க் கொடுக்கலாம். சும்மா இருக்கவும் செய்யலாம். சக்கரக் கத்தியிலும் மின்கத்தியிலும் மோட்டார் ஒன்றுதான், பற்களும் ஒன்றுதான். ஒன்று கையின் இடத்தில் வந்து அமர்ந்தது. மற்றொன்று கைக்குள் வந்து அமர்ந்தது. இவ்வளவே வேறுபாடு, ஆனால் எவ்வளவு பெரிய வேறுபாடு!

எதைத் தெரிவு செய்வது?

இனி முதலில் தள்ளிவைத்த கேள்விகளுக்கு வருவோம். நாலைந்து மீன்களே ஆய வேண்டியவருக்கு மின்கத்தி தேவையில்லை. பின்லாந்தின் ரோவனியெமியில் 1928 முதல் இயங்கிவரும் மார்த்தீனி பட்டறையின் கத்திகளைப் போல மெல்லிய, வளையும் அலகுடைய நல்ல கைக்கத்தி ஒன்று போதும். அது பல்லாண்டு உழைக்கும். தீட்டத் தீட்டக் கூர்மை பெறும். கூடைக்கணக்கில் ஆய வேண்டியவருக்கும், விரல்களில் மூட்டுவலி உள்ள முதியோருக்கும் மின்கத்தி உண்மையான துணை.

அலகின் நீளம் மீனைப் பொறுத்தது. உள்ளங்கையளவு மீனுக்கு 15 சென்டிமீட்டர் அலகு. முழங்கை நீள மீனுக்கு 20 சென்டிமீட்டர் அலகு. சிறிய மீனுக்கு நீண்ட அலகு கட்டுக்கடங்காது. பெரிய மீனுக்குக் குட்டை அலகு பாதியில் நின்று சதையைச் சிதைக்கும். ரம்பப் பல் உடையதால் இவ்வலகை வீட்டில் தீட்டுவது கடினம். மழுங்கினால் இணையாக மாற்ற வேண்டியதுதான். ஆகவே மாற்று அலகு எளிதில் கிடைக்கிறதா என்பதை வாங்குமுன்னரே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

வீட்டு முற்றத்தில் ஆய்பவருக்குச் சுவர்க்கம்பி உடையதே சிறந்தது. அதன் வலிமை நடுவில் குன்றாது. ஆனால் ஈரமும் மின்சாரமும் ஓரிடத்தில் சேருவதால், மின்கசிவு நேர்ந்தால் உடனே துண்டிக்கும் அமைப்புள்ள இணைப்பிலேயே அதைச் செருக வேண்டும். படகிலும் ஏரிக்கரையிலும் ஆய்பவருக்கு லித்தியம் மின்கலத்தில் ஓடுவதோ, படகின் 12 வோல்ட் மின்கலத்தில் மாட்டக்கூடியதோ ஏற்றது. கைப்பிடி ஈரத்தில் வழுக்காததாகவும், விசையைத் தற்செயலாகத் தொட்டாலும் ஓடாதபடி பூட்டு உடையதாகவும் இருப்பது இன்றியமையாதது. மீனைப் பிடிக்கும் மறுகைக்கு வெட்டுப்படாத கையுறை வேண்டும். கழுவுமுன் இணைப்பைப் பிடுங்கி அலகுகளைக் கழற்றிவிட வேண்டும்.

ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். ஓடும் அலகு தன் அதிர்வால், முள்ளின் மெல்லிய அதிர்வைக் கைக்குத் தெரியாமல் மறைத்துவிடுகிறது. கைக்கத்தி விலாமுள்ளின் மேல் ஏறி வழி கேட்டு நடக்கும். மின்கத்தி கேளாமல் அறுத்துக்கொண்டு போய்விடும். வடநாட்டுப் பைக் மீனின் சதைக்குள் புதைந்திருக்கும் கவட்டை வடிவ முள்ளை அதனால் உணர முடியாது. ஆகவே நடுமுள்ளருகே வேகத்தைக் குறைப்பதும், விலாப்பகுதியைக் கைக்கத்தியால் முடிப்பதும் அறிந்தோர் வழக்கம். இன்னொன்று: மினசோட்டா மாநிலச் சட்டம், பெரும்பாலான மீன்களின் சதைத்தகட்டை வெளியே எடுத்துச் செல்லும்போது ஓரங்குலச் சதுரத் தோலைச் செதிலோடு விட்டுவைக்கக் கோருகிறது. இது இன்ன மீன் என்று சோதிப்பவர் அறிய வேண்டும் என்பதே காரணம். எல்லாவற்றையும் உரித்துவிடும் வல்லமை கையில் இருக்கும்போது, அடையாளத்தை மட்டும் உரிக்காதே என்கிறது சட்டம்.

கடைசியாக ஒன்று. கத்தியே வாங்காமல், முள் நீக்கி உறையவைத்த பொட்டலத்தை வாங்குவோரே இன்று மிகுதி. அங்கும் ஒரு கை இருக்கிறது. இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலிருந்து, பசிபிக் கரையில் பிடிபடும் சால்மனில் ஒரு பகுதி உறைய வைக்கப்பட்டு, கடல் கடந்து சீனாவின் சிங்தாவ், தாலியன் போன்ற துறைமுகங்களுக்குப் பயணம் செய்து, அங்கே முள் நீக்கப்பட்டு, மீண்டும் அமெரிக்கக் கடைகளுக்கே திரும்பி வந்திருக்கிறது. சதைக்குள் இருக்கும் ஊசிமுள்ளை இயந்திரத்தைவிட மனித விரல் துல்லியமாகப் பிடுங்குகிறது என்பதும், அந்த விரலுக்கு அங்கே கூலி குறைவு என்பதும் காரணங்கள். நூறாண்டுக்கு முன் எந்த மக்களின் கையை இரும்பால் ஈடுசெய்துவிட்டதாகப் பெருமை பேசினார்களோ, அதே மக்களின் கையைத் தேடி அதே மீன் கடல் கடந்து போகிறது.

ஆகவே, கத்தியைத் தெரிவு செய்பவர் அலகையும் மோட்டாரையும் பார்ப்பது போலவே, அது மிச்சப்படுத்தும் நேரம் யாருக்கு என்பதையும் பார்க்கட்டும். தமக்கும் தம் வீட்டாருக்கும் என்றால் தயங்காமல் வாங்கலாம். பொட்டலத்தை வாங்குவோரும் அதற்குள் முகம் தெரியாத ஒருவருடைய நேரம் உறைந்து கிடக்கிறது என்பதை நினைத்துக்கொள்ளட்டும். அவருக்கு உரிய கூலி கிடைத்ததா என்று கேட்கும் வழக்கம் வாங்குவோரிடையே வளர்ந்தால், விற்போரும் ஒருநாள் அதற்கு விடை சொல்லியே ஆக வேண்டும்.